அலாரம் கேட்பவரிடம் நான் முதலில் சாவியைத்தான் கேட்பேன்

"காருக்கு அலாரம் மாட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் உடனே விலை சொல்வதில்லை. சாவியை வாங்கி, அதன் தலைப்பகுதி முழுவதும் மூடும்படி சமையலறை அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அவர்கள் கையிலேயே கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்வேன். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சில வண்டிகளில் பிடித்த மறுநொடியே நின்றுவிடும். மீட்டரில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். தாளை உரித்துவிட்டால் வண்டி வழக்கம்போல ஓடும்.

சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அதைப் படிக்கிறது. சிப்பில் உள்ள எண் பொருந்தினால்தான் இன்ஜினை ஓட விடுவது என்று வண்டியின் கம்ப்யூட்டர் பிடிவாதமாக இருக்கிறது. இம்மொபிலைசர் என்பது இதுதான். ஐந்தாறு ஆண்டுகளாக இதை வைத்துக்கொண்டு, தன் வண்டியில் பாதுகாப்பு எதுவும் இல்லை என்று கவலைப்படுகிறவர்கள் ஏராளம்.

கோவையில் இருபது ஆண்டுகளாகக் கார் வயரிங் வேலை செய்கிறேன். அலாரம் மாட்டினால் எனக்கு நல்ல கூலிதான். ஆனாலும் இம்மொபிலைசர் உள்ள வண்டிக்கு வெறும் சைரனை மாட்டச் சொன்னால் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். கதவு திறந்தாலோ ஷாக் சென்சார் அதிர்ந்தாலோ சைரன் கத்தும். அதற்குமேல் அதனால் ஒன்றும் ஆகாது. தீபாவளி இரவில் எங்கள் தெருவில் ஒரு லட்சுமி வெடிக்கு நான்கு கார்கள் சேர்ந்து கத்தும். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பவர், அதை நிறுத்தச் சொல்லித் திட்டுவதற்காகத்தான் பார்ப்பார்.

"கார் போகாது சரி, கண்ணாடியை உடைத்து பையைத் தூக்கிவிட்டால்?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கண்ணாடி உடைந்த பிறகுதான் சைரன் கத்தத் தொடங்கும். பக்கக் கண்ணாடியை உடைத்து சீட்டில் இருக்கும் பையை எடுக்கச் சில நொடிகள் போதும். பேங்கில் பணம் எடுத்து வரும் நாளில் பையைக் கையோடு கொண்டுபோவதற்கு ஈடான அலாரம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாக பேட்டரி இறங்கியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் காரை எடுப்பாராம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பேனலைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வேறு ஏதோ கடையில் மாட்டிய அலாரம் பெட்டி ஒரு நைலான் டையில், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பெனி வயர்களை நடுவில் சீவி, புது வயரைச் சுற்றி முறுக்கி, கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி, டேப் ஒரு பக்கம் வழுக்கி, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. இக்னிஷன் வயரிலிருந்து மின்சாரம் எடுத்த இடத்தில் ஃபியூஸே இல்லை. அங்கே உரசியிருந்தால் பேட்டரி இறங்குவதோடு போயிருக்காது.

வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 70 மில்லி ஆம்பியர் ஓடியது. ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-மணி; பதினான்கு நாளில் ஏறக்குறைய 24. அவர் பேட்டரியோ 35 ஆம்பியர்-மணிதான். அலாரத்தைக் கழற்றிவிட்டு அளந்தால் 22 காட்டியது. பேட்டரிக்காகத் திரும்பத் திரும்ப அழுத பணத்தில், கியர் கம்பியை அசையாமல் பூட்டும் நல்ல கியர் லாக் ஒன்று போட்டிருக்கலாம்.

இதைவிட மோசமான ஒரு வேலை இருக்கிறது. ரிமோட்டில் பட்டனை அழுத்தினால் வண்டி தானே ஸ்டார்ட் ஆகும் என்று சொல்லி விற்கும் அலாரங்கள் உண்டு. சிப் இல்லாமல் இன்ஜின் ஓடாதே, எப்படிச் செய்கிறார்கள்? உங்களிடமிருந்து இரண்டாவது சாவியை வாங்கி, ஒரு சிறு பெட்டிக்குள் போட்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள். ரிமோட் சொல்லும்போது அந்தச் சாவியின் சிப்பைப் பெட்டி வண்டிக்குப் படித்துக் காட்டும். பூட்டிய வீட்டின் சாவியை வாசற்படிக்கடியில் வைக்கிற கதைதான். கம்பெனி கொடுத்த காவலை, காவலுக்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருளே கெடுக்கிறது. வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஒன்று காரோடு போயிருக்கும். அதற்கு அவர்களிடம் என்ன பதில் சொல்வீர்கள்?

காப்பீடு என்றதும், திருட்டுத் தடுப்புக் கருவிக்கான தள்ளுபடி நினைவுக்கு வருகிறது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் என்ற பிரீமிய விதித்தொகுப்பில், நம் வண்டிக்கான சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 500 ரூபாய் என்று இருந்தது. கருவி, புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். மாட்டியதை ஆட்டோமொபைல் சங்கம் சான்றளிக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. தெருமுனைக் கடையில் வாங்கிய சைரனுக்கு யாரும் தர மாட்டார்கள்.

சாவியில் சிப் இல்லாத பழைய மாருதி 800, அம்பாசடர் போன்றவற்றின் விஷயம் வேறு. அங்கே நானே வலியுறுத்துவேன். ஆனால் என் முதல் தேர்வு அலாரம் அல்ல. வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற கியர் லாக் ஒன்றும், ஸ்டார்ட்டர் வயரை மறைவான இடத்தில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் வைப்பேன். தள்ளி ஸ்டார்ட் செய்தால் சுவிட்ச் பயன்படாதுதான். ஆனால் கியர் லாக் போட்ட வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. பெட்ரோல் பம்ப்பைத் துண்டிக்கும் ரிலே என்ற மின் சுவிட்சை நான் மாட்டுவதில்லை. மலிவான ரிலே ஓடும்போது மக்கர் செய்தால் நடுச்சாலையில் இன்ஜின் நிற்கும். பவர் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள வண்டியில் இரண்டும் கல்லாய்விடும். ஸ்டார்ட்டர் வயரில் வைத்த சுவிட்ச் கெட்டால் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

இத்தனை சொல்லியும் அலாரம் வேண்டும் என்பவர்களுக்கு மாட்டித் தருவேன். வண்டி வாரண்டியில் இருந்தால், வயரை வெட்டினால் என்ன ஆகும் என்று முதலில் டீலரிடம் எழுத்தில் கேட்டு வரச் சொல்வேன். வயரை வெட்டாமல், வண்டியில் வயர்கள் இணையும் கப்ளரில் சொருகும் செட் கிடைத்தால் அதுவே மேல். இல்லையென்றால் சோல்டர் செய்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும், பேட்டரிக்கு அருகில் தனி ஃபியூஸ் வேண்டும். ரிமோட் ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு அனுப்பும் ரகமாக இருக்க வேண்டும். ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும் பழைய ரகத்தைப் பிடித்து நகலெடுப்பது எளிது. ரிமோட் பேட்டரி தீர்ந்தால் அலாரத்தை அடக்கும் ரகசிய சுவிட்ச் எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் இதற்காக எனக்கு வந்த போன்கள் கொஞ்சமல்ல.

கழற்றிய அலாரத்தை ஆசிரியரிடம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டு சைரனை மட்டும் எடுத்துக்கொண்டார். "தோப்பில் மோட்டார் ரூமுக்கு வைக்கிறேன் தம்பி. செம்புக்காக கேபிளை வெட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே பக்கத்திலேயே ஆள் படுத்திருக்கிறான்" என்றார். இறங்கிப்போன பழைய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, ஒரு கதவு சுவிட்சோடு நானே அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டிக் கொடுத்தேன். ஃபியூஸும் போட்டேன்.