பாரா விளையாட்டு: பொருளும் தமிழ்ச் சொல்லும்

‘பாரா விளையாட்டுப் போட்டி’ என்று அச்சிட்ட துண்டறிக்கையைத் தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ கொடுத்தால், பெரியவர்கள் அதைக் காவல்துறை சம்பந்தப்பட்டதாகவே நினைப்பார்கள். துப்பாக்கியோடு முறைவைத்து நிற்கும் காவலுக்குப் பாரா என்ற பெயர் தமிழில் முன்பே நிலைத்துவிட்டது. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பாரை மீன் நினைவுக்கு வந்தாலும் வியப்பில்லை. ஆகவே மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டைக் குறிக்கும் இச்சொல்லை விளக்காமல் ஊருக்குள் கொண்டுபோவதில் பயனில்லை.

1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், போரில் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இம்முயற்சியே வளர்ந்து 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆனது. கீழுடல் செயலிழப்பைக் குறிக்கும் ‘பாராப்ளீஜியா’வையும் ஒலிம்பிக்கையும் ஒட்டி உண்டாக்கிய பெயர் இது. 1976 டொராண்டோ போட்டிகளில் பார்வையற்றோரும் கை கால் இழந்தோரும் சேர்ந்தபின் அந்தப் பொருள் பொருந்தவில்லை. ‘பக்கத்தில், உடன்’ என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டே ‘பாரா’ என்றும், ஒலிம்பிக்கோடு உடன் நடப்பது பாராலிம்பிக் என்றும் விளக்கம் மாறியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: பாராப்ளீஜியாவில் உள்ளதும் அதே கிரேக்க முன்னொட்டுத்தான்.

புதிய விளக்கத்துக்குத் தமிழில் ‘இணை’ நன்றாகப் பொருந்துகிறது. இணை ஒலிம்பிக் என்ற வழக்கும் ஏற்கெனவே உள்ளது. இணை இயக்குநர் இயக்குநருக்குக் கீழே உட்காரும் அலுவலக வழக்கு சற்று உறுத்தினாலும், ‘துணை’யைவிட இது மேல். 2016 ரியோ போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பன் தங்கவேலுவை இணை ஒலிம்பிக் வீரர் என்று எழுதினால் பொருள் முழுமையாக வந்துவிடுகிறது.

ஆனால் சொல்லின் எல்லையை மறக்கக் கூடாது. செவித்திறன் குறைந்தோர்க்கான உலகப் போட்டிகள் பாராலிம்பிக்குக்கும் முன்பே, 1924இல் பாரிஸில் தொடங்கித் தனியாக நடந்துவருகின்றன. அறிவுசார் குறைபாடு உடையோர்க்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968இல் தொடங்கிய வேறோர் இயக்கம். நாளிதழ்கள் சொல்லை விரித்தே ஆளுகின்றன: 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்த, ஆட்டிசம் உள்ள ஜியா ராயைப் பாரா நீச்சல் வீராங்கனை என்றே எழுதினார்கள்; பாக் நீரிணை நீச்சலோ பாராலிம்பிக் போட்டியில் சேர்ந்ததன்று. எனவே பதக்கப் பிரிவுகளோடு நடக்கும் போட்டிக்கு ‘இணை விளையாட்டு’ என்றும், எல்லோரையும் அழைக்கும் ஊர் நிகழ்ச்சிக்கு ‘மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு’ என்றும் வேறுபடுத்தி எழுதுவதே சரி என்பது என் கருத்து.

பின்னதில் ‘போட்டி’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. தமிழில் விளையாட்டு என்பது ஆடுகளத்தையும் பொழுதுபோக்கையும் சேர்த்தே குறிப்பது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நான்கு களன்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது. போட்டி என்றதும், “நம்ம பிள்ளை எங்கே ஓடி ஜெயிக்கப்போகுது?” என்று தாய்மார்கள் அறிக்கையை மடித்து வைத்துவிடுவார்கள். அரியமான் கடற்கரையில் ஒரு மாலை பந்தாட அழைப்பதானால், அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் உலர்ந்த மணலில் புதைந்துவிடும் என்பதால், சவுக்குத் தோப்பிலிருந்து ஈர மணல்வரை பலகையோ தடித்த பாயோ விரித்திருக்குமா, சைகை மொழி தெரிந்தவர் இருப்பாரா, கழிப்பறைக்குப் படி உண்டா, உடன் வருபவருக்கும் வண்டியில் இடம் உண்டா என்பவற்றை அறிக்கையில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.