ஐம்பது எழுத்துக்கு 250 காசு: ஒரு சீன நாளிதழ் நிலைத்த கணக்கு

1872 ஏப்ரல் 30 அன்று ஷாங்காயில் ‘ஷென் பாவ்’ செய்தித்தாளின் முதல் இதழ் வெளிவந்தது. விலை 8 செப்புக்காசு. அதே ஊரில் 1861 முதல் நடந்துவந்த ‘ஷாங்காய் ஷின்பாவ்’ 30 காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. பழைய பத்திரிகை விலையைக் குறைத்துப் பார்த்தது, தினசரியாக மாறிப் பார்த்தது. ஒன்றும் பலிக்காமல் அந்த ஆண்டோடு நின்றுபோனது.

8 காசுக்கு விற்று எப்படிக் கட்டுப்படியானது? ஒரு காரணம் காகிதம். ஷென் பாவ் உள்ளூரில் செய்த மெல்லிய, மலிவான தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சானது. இன்னொரு காரணம் விளம்பரம். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சீனாவில் செய்தி அச்சிடுவது அப்போது புதிதல்ல. பீக்கிங் கெஜட் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த அரசிதழின் வேர், தாங் மன்னர்கள் காலம்வரை (7–10ஆம் நூற்றாண்டு) போகிறது. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் ஆட்சியில் தனியார் அச்சகங்கள் அதை அச்சிட்டு விற்றன. ஆனால் அதில் இருந்ததெல்லாம் பேரரசரின் ஆணை, அதிகாரிகளின் மனு, பதவி நியமனம். அச்சகத்தார் சொந்தமாக எதையும் எழுதிச் சேர்க்க முடியாது. அரிசி மண்டிக்காரருக்கோ துணிக்கடைக்காரருக்கோ அதில் இடமே இல்லை.

அடுத்து வந்தவர்கள் மிஷனரிகள். சீனாவுக்குள் மதப் பிரசாரம் தடைப்பட்டிருந்ததால், வில்லியம் மில்ன் 1815இல் மலாக்காவிலிருந்து ஒரு சீன மாத இதழைத் தொடங்கினார். லியாங் ஃபா என்ற சீன அச்சுத் தொழிலாளி மரப்பலகைகளில் எழுத்துச் செதுக்கி அதை அச்சிட்டார். இதழ் இலவசம். செலவு லண்டன் மிஷனரி சங்கத்துடையது என்பதால் விளம்பரத்துக்குத் தேவை எழவில்லை.

தேவை எழுந்தது ஹாங்காங்கில். அங்கே 1853 முதல் வந்துகொண்டிருந்த ‘ஷியா அர் குவான் ஜென்’ என்ற மாத இதழ், 1855இல் விளம்பரத்துக்கென்றே ஒரு இணைப்பைச் சேர்த்தது. 50 எழுத்துவரை ஒரு டாலர், அதற்கு மேல் எழுத்துக்கு ஒரு சென்ட். அதையே மறுபடி போட்டால் பாதிக் கட்டணம்.

எழுத்தை எண்ணிக் காசு வாங்குவது சீனத்துக்கு அழகாகப் பொருந்தியது. தமிழில் ‘ர’வுக்கு வேண்டிய இடம் வேறு, ‘ணௌ’வுக்கு வேண்டிய இடம் வேறு. சீன எழுத்து ஒரு கோடானாலும் இருபது கோடானாலும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் அடங்கும். எழுத்தை எண்ணிவிட்டால் இடத்தையும் அளந்தாயிற்று.

ஷென் பாவைத் தொடங்கியவர் எர்னஸ்ட் மேஜர் என்ற ஆங்கிலேய வணிகர். கூட்டாளிகளோடு சேர்ந்து போட்ட முதலீடு 1,600 தேல் (சீன எடை அளவு) வெள்ளி. முதல் இதழிலேயே கட்டணத்தை அறிவித்தார்: 50 எழுத்துக்கு முதல் நாள் 250 காசு, கூடுதல் பத்து எழுத்துக்கு 50 காசு. இரண்டாம் நாளிலிருந்து 150 காசுதான். இந்தத் தள்ளுபடிக்குத் தொழிலிலேயே நியாயம் உண்டு. அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கோர்க்கும் வேலை முதல் நாளோடு முடிந்துவிடும், கோர்த்த பாளத்தை அப்படியே மறுநாளும் ஏற்றலாம்.

இதெல்லாம் சீனர்களுக்கான கட்டணம். மேலைநாட்டவருக்கு 50 எழுத்துக்கு ஒரு டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஆயிரம் காசுக்கும் மேல். சீனக் கடைக்காரர்களை உள்ளே இழுக்க வேண்டும் என்று மேஜர் தெளிவாகவே முடிவெடுத்திருக்கிறார். கணக்குப் போட்டால், ஒரு 50 எழுத்து விளம்பரம் 31 பிரதிகள் விற்ற காசுக்குச் சமம்!

கோர்க்கும் வேலை எவ்வளவு பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சீன அச்சகத்துக்கு ஆயிரக்கணக்கான வெவ்வேறு எழுத்துகள் தேவை. அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய வில்லியம் கேம்பிள், பைபிளிலும் வேறு 27 நூல்களிலும் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணவைத்து 1861இல் பட்டியல் வெளியிட்டார். அடிக்கடி வருபவை அச்சுக்கோர்ப்பவரின் கைக்கெட்டும் நடுத்தட்டுகளிலும், அரிதானவை ஓரங்களிலும் போயின. எழுத்தைத் தேடி நடப்பது குறைந்தது, வேகம் கூடியது. தினசரி என்ற வேகத்துக்குச் சீன அச்சு தயாரானதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, யார் விளம்பரம் கொடுத்தார்கள்? கப்பல் கம்பெனிகள், ஏலக்காரர்கள், மருந்துக்கடைகள். அன்றிரவு எந்த நாடகம் என்று அரங்குகள் பட்டியல் கொடுத்தன. அரசிதழின் செய்திகளையும் ஷென் பாவ் எடுத்துப் போட்டது. ஆக, பேரரசரின் ஆணையும் நாடகப் பட்டியலும் ஒரே தாளில் வந்தன. இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: கவிதை அனுப்புவோரிடம் கட்டணம் வாங்கப்போவதில்லை என்றும் முதல் இதழிலேயே அறிவித்திருந்தார்கள். படித்தவர்கள் ஆர்வத்தோடு எழுதி அனுப்பினார்கள், வணிகர்களின் காசு அதைச் சுமந்தது.

ஆனால் காசு கொடுத்தால் இடம் என்றானபின் பொய்யும் உள்ளே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாங்காய் மருந்து வணிகர் ஹுவாங் சுஜியு ‘மூளைக்கு ஊட்டம்’ தரும் ஒரு டானிக்கை விற்றார். யேல் என்ற மேலைநாட்டு டாக்டரின் தயாரிப்பு என்று விளம்பரங்கள் சொல்லின. அப்படியொரு டாக்டர் கிடையாது. மருந்து ஷாங்காயிலேயே தயாரானது, அமோகமாகவும் விற்றது.