பழைய ராக் ஆல்பங்களின் மறுவெளியீடு: உறையில் தேட வேண்டிய ஒரு வரி

1960களின் நடுவிலிருந்து பத்தாண்டுக் காலத்தில் வெளிவந்த சைக்கடெலிக் (மனமயக்க உணர்வைத் தேடும் ராக்), கராஜ் (இளைஞர் குழுக்களின் கரடுமுரடான ராக்), புராக்ரெசிவ் (நீண்ட, சிக்கலான அமைப்புடைய ராக்) ஆல்பங்களில் எத்தனையோ, வெளிவந்த காலத்தில் சில நூறு பேரின் காதுக்குக்கூடப் போகவில்லை. பிரிட்டனில் 100 பிரதிகளுக்குக் குறைவாக அச்சிட்டால் அப்போது கொள்முதல் வரி இல்லை என்பதால், 99 பிரதிகளோடு நின்றுபோன தனியார் வெளியீடுகள் உண்டு. அமெரிக்காவில், தங்கள் வட்டாரத்து வானொலியைத் தாண்டாத பள்ளிக்கூடப் பையன்களின் கராஜ் பாடல்கள் உண்டு. இன்று இவை நமக்குக் கேட்கக் கிடைப்பது மறுவெளியீடுகளின் தயவால்தான். ஆனால் பழைய ஒலிப்பதிவுகளை மீட்டெடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், வாங்குபவர்களில் மிகச் சிலரே கேட்கும் ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன்: கையில் இருக்கும் இந்த மறுவெளியீடு எதிலிருந்து எடுக்கப்பட்டது?

இந்த மீட்பு வரலாற்றின் தொடக்கமாகப் பலரும் சொல்வது, 1972இல் எலெக்ட்ரா நிறுவனத்துக்காக லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டு. அதில் இருந்த 27 பாடல்கள், 1998இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட நான்கு குறுந்தகடுத் தொகுப்பில் நூற்றுக்கும் மேலாகப் பெருகின. இடைப்பட்ட காலத்தில், சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருந்த தேய்ந்த தட்டுகளைப் பிரதியெடுத்து, யாரிடமும் அனுமதி பெறாமல், சில சமயம் பாடியவர் யாரென்றுகூடத் தெரியாமல் வெளிவந்த தொகுப்புகளும் ஏராளம். அவற்றை நான் முழுவதுமாகப் பழிக்க மாட்டேன். அவை வந்திராவிட்டால் பல பாடல்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. என்றாலும் அவை ஏற்படுத்திய ஒரு பழக்கம் இன்றும் தொடர்கிறது: பாடல் கிடைத்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை என்ற பழக்கம்.

ஒரு மறுவெளியீட்டுக்கு மூலமாக அமைவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலையும் கருவிகளையும் சேர்த்து இறுதிக் கலவையாகப் பதிவான மூல நாடா. இரண்டாவது, தட்டு வெட்டுவதற்காகவோ வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புவதற்காகவோ அதிலிருந்து எடுக்கப்பட்ட நகல் நாடா. இதில் பெரும்பாலும் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கியும் வைத்திருப்பார்கள். மூன்றாவது, விற்பனைக்கு வந்த இசைத்தட்டையே ஊசி வைத்து ஓட்டி எடுத்த பிரதி. உறையில் 'மூல நாடாவிலிருந்து' என்ற வரி இருந்தால் அது முதல் வகையா இரண்டாம் வகையா என்பதைத் தெளிவாகச் சொல்லும் நிறுவனங்கள் மதிப்புக்குரியவை. 'புதிதாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் வேலை) செய்யப்பட்டது' என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது மூலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றே பொருள். '180 கிராம் தட்டு' என்பதும் அப்படித்தான். எடை அதிகமான தட்டில் குறுந்தகட்டிலிருந்து எடுத்த ஒலியையும் வெட்டலாம், தேய்ந்த பழைய தட்டின் ஒலியையும் வெட்டலாம்.

மூல நாடா கிடைத்துவிட்டாலும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. 1960களின் பதிவுகள் பலவும் அசிட்டேட் நாடாவில் இருப்பவை. அவை காலப்போக்கில் உலர்ந்து, சுருங்கி, சில சமயம் வினிகர் வாடையோடு நொறுங்கத் தொடங்கும். 1970களில் புழக்கத்துக்கு வந்த சில பாலியஸ்டர் நாடாக்களின் நோய் வேறு. அவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடுவதால், இயந்திரத்தில் ஓட்டினால் துகள் பெயர்ந்து, நாடாவின் ஒலியைப் படிக்கும் இயந்திரத் தலையில் அப்பிக்கொள்ளும். இவ்வகை நாடாவைக் கட்டுப்படுத்தப்பட்ட வெப்பத்தில், ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை, பல மணி நேரம் வைத்தால் பசை தற்காலிகமாக இறுகும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பிரதியெடுத்துவிட வேண்டும். அசிட்டேட் நாடாவை ஒருபோதும் இப்படிச் சூடாக்கக் கூடாது. நாடா ஓடும் நிலைக்கு வந்த பிறகும், அந்தக் காலத்து இயந்திரத்தின் தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்துக்கு நம் இயந்திரத்தின் தலையைத் திருப்பாவிட்டால் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தாளம்) ஒலி போர்வை போர்த்தியதுபோல் மங்கிவிடும். எனவே மூல நாடாவிலிருந்து மோசமான மறுவெளியீடும், தட்டிலிருந்து அருமையான மறுவெளியீடும் வரக்கூடும்.

தட்டிலிருந்து எடுப்பது இழிவான வேலை அல்ல. நாடா அழிந்துபோன ஆல்பத்துக்கு வேறு வழியே கிடையாது. நல்ல நிலையில் உள்ள இரண்டு மூன்று பிரதிகளைத் தேடிப்பிடித்து, கழுவி, ஒவ்வொன்றிலும் கீறலில்லாத பகுதியைத் தேர்ந்து இணைத்தால், பெரும்பாலோரால் வேறுபாடு காண முடியாது. சொல்லாமல் மறைப்பதே குற்றம். சந்தேகமிருந்தால் பழைய தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் இறுதிப் பாடலாக இருந்ததைக் கேட்டுப் பாருங்கள். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் குறைவதால், அங்கே 'ஸ' ஒலிகளும் சிம்பலும் கரகரக்கும். முதல் பாடலில் தெளிவாக இருந்த குரல் ஐந்தாம் பாடலில் சிதறினால், அந்தக் குறுந்தகட்டுக்கு மூலமானது ஒரு இசைத்தட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைவிட என்னை உறுத்துவது அளவுக்கு மீறிய இரைச்சல் நீக்கம். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாடாவின் சீற்றமும் தட்டின் பொரிச்சலும் மறைந்துவிடும். கூடவே அறையின் காற்றும், கிட்டார் ஒலி தேய்ந்து அடங்கும் அந்தக் கடைசி நொடியும் போய்விடும். பாடல் முடியும் இடத்தைக் கவனியுங்கள். எதிரொலி தானாக மங்காமல், கதவை அடைத்ததுபோல் திடீர் மௌனத்தில் விழுந்தால் கை அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. எதிரொலியையே இசையின் பாதியாகக் கொண்ட சைக்கடெலிக் ஆல்பத்துக்கு இது பெரிய இழப்பு. கராஜ் பதிவுகளுக்கு இழப்பு வேறு விதம்: வேண்டுமென்றே முறுக்கேற்றிய கிட்டாரின் உறுமலை, மென்பொருளானது இரைச்சல் என்று எண்ணிச் சீவிவிடுகிறது.

எந்தக் கலவையை வெளியிடுவது என்பதிலும் நேர்மை வேண்டும். ஜாம்பியாவின் அமானாஸ் குழு 1975இல் வெளியிட்ட 'ஆப்ரிக்கா' ஆல்பத்துக்கு இரண்டு கலவைகள் இருக்கின்றன: ஒன்று உலர்ந்தது, மற்றொன்று எதிரொலியில் மிதப்பது. அதை மீட்ட நவ்-அகெய்ன் நிறுவனம் இரண்டையும் கொடுத்தது. கேட்பவருக்குத் தரப்பட வேண்டிய மரியாதை இதுதான் என்பது என் எண்ணம். தனக்குப் பிடித்ததைத் தேர்ந்து மற்றதை மூடிவைப்பது மீட்பாளரின் வேலை ஆகாது.

இனி, பணம் யாருக்குப் போகிறது என்பது. மூலம் எது என்ற கேள்வியோடு இது நேரடியாகப் பிணைந்தது. ஏனென்றால் உரிமையாளரிடம் அனுமதி பெற்றவருக்குத்தான் பெரும்பாலும் நாடா கிடைக்கும். ஜெர்மனியின் 'நொய்' (Neu!) என்ற இருவர் குழு 1972, 1973, 1975 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று ஆல்பங்களும், இருவருக்கும் இடையில் உடன்பாடு எட்டாததால், 2001 வரை அதிகாரபூர்வமான குறுந்தகடாக வரவில்லை. 1990களில் ரசிகர்கள் வாங்கியவை இசைத்தட்டிலிருந்து எடுத்த திருட்டுப் பிரதிகள். 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கம்போடியன் ராக்ஸ்' தொகுப்பில் ஒரு பாடகரின் பெயர்கூட இல்லை. அந்தக் குரல்களில் சின் சிசமுத், ரோஸ் செரெய்சோத்தியா போன்றோருடையவையும் இருந்தன என்பது பின்னர்தான் பரவலாகத் தெரிந்தது. 1970களில் கம்போடியாவில் நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் உயிரிழந்த கலைஞர்கள் அவர்கள். பெயரின்றி அந்தப் பாடல்கள் உலகம் சுற்றிய காலத்தில் அவர்களின் குடும்பத்தினர் உரிமை கேட்பதற்கு வழியே இருக்கவில்லை.

பழைய பதிவு என்றால் உரிமை காலாவதியாகியிருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் இசை நவீனமயச் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. அதாவது கராஜ் ராக்கின் காலம் ஏறத்தாழ முழுவதும் அதற்குள் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் 50 ஆண்டுக் காலத்தை 70 ஆக உயர்த்தியது. அனுமதி பெற்ற மறுவெளியீடு கலைஞரின் வாழ்க்கையையே மாற்றியதுண்டு. ஜாம்பியாவின் விட்ச் குழுவின் பாடகர் ஜகாரி சாண்டா, இசையை விட்டு இரத்தினக்கல் தோண்டும் தொழிலுக்குப் போனவர். பழைய ஆல்பங்கள் மீண்டும் வந்த பின் மேடை ஏறி, 2023இல் 'ஜாங்கோ' என்ற புதிய ஆல்பமே வெளியிட்டார்.

கடைசியாக, மறுவெளியீடு செய்யப்படாத ஆல்பத்தின் நாடா ரீலை வீட்டில் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அது அந்த இசையின் ஒரே மூலமாக இருக்கலாம். எனவே, கிடைத்த பழைய இயந்திரத்தில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். சமையலறை அடுப்பில் சூடாக்கவே வேண்டாம். ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: சுற்றுகளின் ஊடாக ஒளி கசிந்தால் அசிட்டேட், கறுப்பாக இருந்தால் பாலியஸ்டர் என்று கொள்ளலாம். பெட்டியின் மேல் பென்சிலில் கிறுக்கியிருக்கும் வேகம், தேதி, 'நகல்', 'மூலம்' போன்ற குறிப்புகளைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ரீலோடு பெட்டியையும் சேர்த்தே ஒலிமீட்புத் தொழிலாளியிடம் கொடுங்கள். நாடாவைப் போட்டு ஓட்டுவதற்கு முன் நாங்கள் படிப்பது அந்தக் கிறுக்கலைத்தான்.