ரீடச்சிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்டுடியோக்காரர் "டச்சப் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்வாரே, அந்த வேலையின் முழுப்பெயர் ரீடச்சிங். எடுத்த முகப்படத்தில் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை, கலைந்த முடி போன்றவற்றைச் சரிசெய்து தருவது. பிரெஞ்சு மொழியின் 'ரெதூஷே' வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'மறுபடி தொடு' என்று பொருள். வரைந்து முடித்த ஓவியத்தில் ஓவியர் மீண்டும் தூரிகை வைப்பதை முதலில் குறித்தது.

ஒளிப்படத்திலும் அது நிஜமாகவே தொட்டுச் செய்த வேலைதான். அன்று படம் பதியப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை நன்றாக உணரும், சிவப்பை உணராது. அதனால் நேரில் கண்ணுக்கே படாத இளஞ்சிவப்புத் திட்டுகூட அச்சில் கரும்புள்ளியாக விழும். காசு கொடுத்துப் படம் எடுத்தவர் சும்மா இருப்பாரா? மியூனிக்கைச் சேர்ந்த ஒளிப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855இல் பாரிஸ் கண்காட்சியில், ஒரே முகத்தின் திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் சேர்த்து வைத்துக் காட்டினார் என்பார்கள்.

செய்முறை இதுதான். நெகட்டிவை, அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த தகட்டை, சாய்மேசையில் பொருத்தி, கீழிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சம் பாய்ச்சி, பிசின் கலந்த மெல்லிய பூச்சைத் தடவுவார்கள். பென்சில் பிடிக்க வேண்டுமே! பிறகு ஊசிபோல் சீவிய பென்சிலால் சின்னச் சின்னக் கீற்றுகள். முகச்சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் மறையும். இருட்டாக்க வேண்டிய இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவார்கள். கை ஒருமுறை தவறினால் நெகட்டிவே போச்சு. 1990இல் வெளியான ஃபோட்டோஷாப் அந்தப் பயத்தைப் போக்கியது.

சரி, தமிழில்? பலர் 'மெருகேற்றல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. மெருகு என்றால் பளபளப்பு, நகைக்குப் போடுவது. நல்ல ரீடச்சிங்கில் தோலின் நுண்துளைகள் அப்படியே இருக்க வேண்டும். பளபளவென்று பொம்மை முகம் ஆக்குவதுதான் இந்த வேலையில் பெரிய குறை. 'ஒப்பனை' என்றால் படமெடுக்கும் முன் முகத்தில் பூசுவது, அது வேறு.

'திருத்தம்' பொருந்துகிறது. முடிதிருத்துகிறோம், புருவம் திருத்துகிறோம். மேடுபள்ளமான நிலத்தைத் திருத்துகிறோம். இருப்பதை அழிக்காமல் ஒழுங்குபடுத்தும் பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே ரீடச்சிங் என்பதற்குப் 'படத்திருத்தம்' என்பது என் தேர்வு. முகத்தை மட்டும் குறிக்க வேண்டுமானால் 'முகத்திருத்தம்'.

எடிட்டிங்கை இதோடு குழப்பக்கூடாது. அதன் வேர் 'வெளியிடு' என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல். எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் வாடிக்கையாளருக்குக் காட்டத் தக்கவற்றைப் பொறுக்குவதும் அதில் அடக்கம். அதற்குத் 'தொகுப்பு' போதும். நிறத்தையும் வெளிச்சத்தையும் சமன்செய்வது 'நிறச்சீரமைப்பு'. அப்புறம், தாத்தாவின் கிழிந்துபோன பழைய படத்தை ஒட்டுப்போட்டு மீட்பதை 'செப்பனிடல்' என்றால் எல்லாருக்கும் புரியும். கடைப்பலகையில் இவை எல்லாவற்றுக்கும் 'எடிட்டிங்' என்ற ஒரே பெயர்தான்.