அணுமின் நிலையத்தில் ஒரு ரிலேயை மாற்றும்போது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபின் வந்த நாள்களைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலரும் மின்சாரம் இல்லாத நாள்களாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ரப்பர் மரங்கள் முறிந்து கம்பிகளின் மேல் கிடந்தன; மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்திருந்தன. நான் மின் பாதுகாப்புப் பொறியாளர். ரிலேக்களை, அதாவது மின்சாரத்தில் கோளாறு கண்டால் சுற்றைத் துண்டிக்கச் சொல்லும் கருவிகளைச் சோதிப்பதும், மின்னமைப்பில் செய்யப்படும் மாற்றங்களை அவை நடைமுறைக்கு வருமுன் ஆய்வதும் என் தொழில். அந்த வாரத்தில் நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து, ஜெனரேட்டர் ஓடவில்லை என்று எனக்கு அழைப்பு வந்தது.

டேங்கில் டீசல் நிறைய இருந்தது, எஞ்சினிலும் பழுதில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒருமுறை 'டக்' என்று ஒலித்து அடங்கிவிட்டது. பேட்டரி முழுவதும் இறங்கியிருந்தது. அதன் சார்ஜருக்குப் போகும் வயரைத் தொடர்ந்து சென்று பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பெரிய யூபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேனலில் இடம் தேவைப்பட்டதால், சார்ஜரின் இணைப்பை அங்கிருந்து கழற்றி, வராந்தா விளக்குகளுக்கான டிபியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) கொடுத்திருக்கிறார்கள். அந்த டிபியின் மெயினை இரவில் விளக்கணைக்கும்போது காவலாளி இறக்கிவிடுவது வழக்கம். "யூபிஎஸ் இப்பம்தானே புதுசா வச்சோம் சார், ஜெனரேட்டர நாங்க தொடவே இல்லியே" என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன். அவர் சொன்னது முழு உண்மை. ஒரு வேனின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து எஞ்சினைக் கிளப்பினோம்.

'அதை நாங்கள் தொடவே இல்லை' என்ற அந்த ஒரு வாக்கியத்தை ஆராய்வதற்காகவே, அணுமின் நிலையங்களில் மின்னமைப்பு மாற்றங்களுக்கு ஒழுங்குமுறை ஆய்வு என்றொரு நடைமுறை இருக்கிறது. கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும், கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகப் போனால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். ஆகவே இந்த நடைமுறை எப்படி இயங்குகிறது என்பதை நம் மாவட்டத்து மக்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நிலையத்துக்கே வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். அணு உலையை நிறுத்தினாலும் எரிபொருளில் வெப்பம் உண்டாவது நிற்பதில்லை. கதிரியக்கச் சிதைவால் அது தொடர்கிறது. கூடங்குளத்தில் இயங்கும் ஒவ்வோர் அலகும் 1000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் 6 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் எஞ்சியிருக்கும். அது விரைவாகக் குறைந்துகொண்டே வந்தாலும், பல நாள்களுக்குத் தண்ணீரைச் சுழற்றிக் குளிர்வித்தாக வேண்டும். ஆகவேதான் மின்கட்டமைப்பு போனால் டீசல் ஜெனரேட்டர், அது வரும் வரையிலும் வராவிட்டாலும் பேட்டரி என்று அடுக்கடுக்கான ஏற்பாடு செய்யப்படுகிறது. கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் இவற்றை நான்கு வகுப்புகளாகப் பிரித்துப் பேசுவோம்: பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம் முதல் வகுப்பு, இடைவெளியே இல்லாத மாறுமின்சாரம் இரண்டாவது, டீசல் மூன்றாவது, வெளிக்கட்டமைப்பைச் சார்ந்தது நான்காவது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் இயற்கையான காற்றோட்டத்தால் வெப்பத்தை அகற்றும் அமைப்பும் உண்டு. அது பெரிய பலம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் காண்பதற்கு மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களையும், மின்சுற்றுகளை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்கியர் அறைகளையும் மூழ்கடித்ததை எல்லோரும் அறிவார்கள். எங்கள் துறையில் அதற்கு இணையாக நாங்கள் படிக்கும் நிகழ்வு, யாருக்கும் காயமின்றி முடிந்த ஒன்று. ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தின் முதல் அலகில் 2006 ஜூலை 25 அன்று, வெளியே, நிலையத்தை மின்கட்டமைப்போடு இணைக்கும் 400 கிலோவோல்ட் ஸ்விட்ச்யார்டில் நடந்த பராமரிப்பு வேலையின்போது குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து உள்ளே பாய்ந்த மின்னழுத்த ஏற்றத்தில் நான்கு யூபிஎஸ்களில் இரண்டு நின்றுவிட்டன. அழுத்தம் மிகும்போது முதலில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் விலகி, அதை மீண்டும் மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரைப் பேட்டரி ஓட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டிலும் ரெக்டிஃபையரும் இன்வெர்ட்டரும் சேர்ந்தே விலகின. பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் பயன்படவில்லை. அந்த யூபிஎஸ்களை நம்பியே இரண்டு டீசல் ஜெனரேட்டர்களின் கட்டுப்பாடும் அமைந்திருந்ததால், அவை ஓடத் தொடங்கியும், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பஸ்பாரில் இணையவில்லை. கட்டுப்பாட்டு அறையில் பல அளவீடுகள் மறைந்தன. ஊழியர்கள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பிறகு அந்த ஜெனரேட்டர்களைக் கையால் இணைத்தார்கள்.

இந்த நிகழ்வில் என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைப்பது, அதிகம் பேசப்படாத மற்றொரு பழுது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே, மின்சாரத்தின் அதிர்வெண் குறைந்தால் இணைப்பைத் துண்டிக்கும் குறை அதிர்வெண் பாதுகாப்பு ரிலேக்களை மாற்றியிருந்தார்கள். பழைய ரிலேக்கு மூன்று ஃபேஸ்களும் எந்த வரிசையில் வந்தாலும் வேறுபாடு இல்லை. புதியதற்கு வரிசை சரியாக இருக்க வேண்டும். அது தவறாக இணைக்கப்பட்டிருந்ததால், தேவைப்பட்ட நேரத்தில் ரிலே வேலை செய்யவில்லை. புதிய கருவி தரமற்றதன்று. பழைய கருவி சொல்லாமலே பொறுத்துக்கொண்டிருந்த ஒன்றைப் புதியது பொறுக்கவில்லை. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் சோதனையும் நடக்கவில்லை.

அதனால்தான் பழைய மின்காந்த ரிலேக்களை எடுத்துவிட்டு, மென்பொருளால் இயங்கும் நியூமரிக்கல் ரிலே வைக்கும் முன்மொழிவு வந்தால், 'இது அதற்கு நிகரானது' என்ற சொல்லை நான் அப்படியே ஏற்பதில்லை. பழையது என்னென்ன செய்துவந்தது, அவற்றில் எவை வரைபடத்தில் எழுதப்படாதவை என்று கேட்பேன். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருக்கும் நான்கு மின்தடங்களிலும் ஒரே மென்பொருள் ஓடினால், ஒரே பிழை நான்கையும் ஒருசேர முடக்காதா? நிலநடுக்கத்துக்கான அதிர்வு மேசைச் சோதனை, தனி ரிலேக்கு நடந்ததா, அல்லது பேனலில் பொருத்திய நிலையில் நடந்ததா? பக்கத்தில் ஒருவர் வாக்கி-டாக்கியில் பேசினால் அது தவறுதலாக இயங்குமா? ரிலே எந்த அளவில் இயங்க வேண்டும் என்று சொல்லும் செட்டிங் அட்டவணையைக் கணக்கிட்டவரும் சரிபார்த்தவரும் வெவ்வேறு ஆள்தானா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அறையில் சிலருக்கு முகம் சுருங்கும். ஆனாலும் அதைக் கேட்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

நம் நாட்டின் பாடம் உத்தரப் பிரதேசத்திலுள்ள நரோரா அணுமின் நிலையத்தில் கிடைத்தது. 1993 மார்ச் 31 அன்று விசையாழியின் தகடுகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக இருக்க வேண்டிய மின்தடங்களின் கேபிள்கள் தீத்தடுப்புச் சுவர் இன்றி அருகருகே சென்றதால் சேர்ந்து எரிந்தன. நிலையம் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. டீசலால் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவி உற்பத்திக் கலங்களுக்குத் தண்ணீர் அனுப்பி உலையைக் காப்பாற்றினார்கள். அதன்பின் இந்திய நிலையங்களில் கேபிள் பாதைகள் பிரிக்கப்பட்டன. இன்று ஒரே ஒரு புதிய கேபிளை இழுப்பதானாலும், அது எந்த ட்ரேயில், எந்தச் சுவரைத் துளைத்துச் செல்கிறது, துளையை எதைக்கொண்டு அடைக்கிறார்கள் என்பது ஆய்வுக்கு உட்பட்டது.

ஆய்வு பல படிகளில் நடக்கிறது. முதலில் நிலையத்தின் சொந்த ஆய்வுக் குழு பார்க்கும். பாதுகாப்புக்கு முக்கியமான மாற்றமானால், 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் குழுக்களுக்குச் செல்லும். அங்கே இயங்கும் நிலையங்களுக்கென்றே 'சார்காப்' எனப்படும் பாதுகாப்பு ஆய்வுக் குழு இருக்கிறது. இவை தவிர, பத்தாண்டுக்கு ஒருமுறை நிலையம் முழுவதற்கும் காலமுறைப் பாதுகாப்பு ஆய்வு உண்டு. இந்தப் படிகளால் வேலை தாமதமாகிறது என்ற குறையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தாமதமாவது உண்மை, அந்தத் தாமதம் தேவையானது என்பது என் உறுதியான கருத்து.

கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு ஸ்விட்ச்யார்டு பற்றி ஒன்று எளிதில் புரியும். குளச்சலிலும் மணவாளக்குறிச்சியிலும் பனி இறங்கும் அதிகாலையில், உப்புப் படிந்த பீங்கான் இன்சுலேட்டர்களில் நீலநிறப் பொறி ஓடுவதையும் சீறும் ஒலியையும் பலர் கவனித்திருப்பீர்கள். இன்சுலேட்டர் சின்னப் பொருளாகத் தோன்றலாம். அமெரிக்காவில் பைரன் நிலையத்தில் 2012 ஜனவரி 30 அன்று ஓர் இன்சுலேட்டர் முறிந்து மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் துண்டிக்கப்பட்டது. மின்னழுத்தக் குறைவைக் கண்டறியும் ரிலேக்களின் அமைப்பு அதைப் பழுதாகவே எண்ணவில்லை. ஏறத்தாழ 8 நிமிடங்களுக்குப் பின் ஊழியர்களே இணைப்பைத் துண்டித்தார்கள். அதன்பின் உலகெங்கும் ஒற்றை ஃபேஸ் துண்டிப்பைக் கண்டறியும் பாதுகாப்புப் பற்றி ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்கத் தொடங்கின.

'மின்கோளாறால் உற்பத்தி நிறுத்தம்' என்று செய்தி வரும்போது அஞ்ச வேண்டியதில்லை. உலை தானாக நின்றது என்றால் பாதுகாப்பு தன் வேலையைச் செய்தது என்றே பொருள். ஆனால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களிலும் தகவல் அறியும் உரிமை மனுக்களிலும், 'பாதுகாப்பாக இருக்கிறதா' என்ற பொதுக் கேள்வியை விட்டுவிட்டு, எந்த மாற்றம் செய்யப்பட்டது, அதை யார் ஆய்ந்தார்கள், மாற்றியபின் வெளி மின்சாரத்தை உண்மையாகவே துண்டித்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற ஒரு சொல் போதும். மற்றவற்றுக்கு ஆவணம் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த மருத்துவமனையில் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மெயின் பிரேக்கரைக் கையால் இறக்குகிறார்கள். செவிலியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். விளக்குகள் அணைந்தபின் எஞ்சின் பிடித்து, சுமை ஏறி, மீண்டும் வெளிச்சம் வரும் வரை அதே எலக்ட்ரீஷியன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணி நோட்டில் எழுதுகிறார். பக்கத்துக் கட்டத்தில் பேட்டரியின் வோல்டேஜையும் குறித்து வைக்கிறார்.