புதினம் பார்க்க விடுங்கள்

அந்தப் பிள்ளை பையைத் திறந்து என் மேசையில் வைத்தது ஒரு 80 பக்கக் கொப்பி. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதப்போகிறாள், உயிரியல் பிரிவு. கொப்பிக்குள் பாடக் குறிப்பு ஒரு வரிகூட இல்லை. அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் படித்தாள் என்று எழுதியிருந்தாள். 11, 12, 9½, 11. அந்த ஒன்பதரைக்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.

"இவ்வளவு படிச்சும் ஒண்டும் மனசில நிக்குதில்லை மிஸ்."

"சரி. நேற்றுப் படிச்சதில உமக்குப் புதினமா இருந்தது எது?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய்தான் பதில் சொன்னார்: "புதினம் பாக்க எங்க மிஸ் நேரம்?"

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வேலை செய்துவரும் எனக்கு இந்தப் பதில் பழகிப்போனது. மாணவர்கள், ஆசிரியர்கள், தாதிமார், கந்தோர் உத்தியோகத்தர்கள் என்று வருகிற எல்லாரும் ஏதோ ஒரு வடிவில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். (ஆட்களை அடையாளம் காணமுடியாதபடி விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.)

எங்கள் ஊரில் புதினம் என்றால் புதுச் செய்தி, வியப்பான விஷயம். கன நாளைக்குப் பிறகு கண்டவரிடம் "என்ன புதினம்?" என்று கேட்டுத்தான் கதை தொடங்கும். அதே சொல் பிள்ளைகளிடம் போகும்போது ஏச்சாகிவிடுகிறது. மதிலில் ஏறும் எறும்பு வரிசையைப் பார்த்து நிற்கிற ஆறு வயதுப் பிள்ளையிடம், "என்ன புதினம் பாத்துக்கொண்டு நிக்கிறாய், போய்ப் படி" என்கிறோம். எறும்பைப் பார்ப்பதும் படிப்புத்தான் என்று அந்த நேரத்தில் எங்களுக்குத் தோன்றுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, உயர்தரத்துக்கு வரும்போது கேள்வி கேட்பதை விட்டுவிட்டு மணித்தியாலத்தை எண்ணத் தொடங்குகிறது.

புதினத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் எங்களிடம் உண்டு: விடுப்பு. அடுத்த வீட்டுக்கு யார் வந்தது, யாருடைய பிள்ளைக்கு எத்தனை ஏ, கனடாவில் இருந்து எவ்வளவு காசு வந்தது. இதுவும் ஆவல்தான். ஆனால் ஒரு விடுப்புக் கேட்டு முடித்தவருக்கு அடுத்ததாக வேண்டியிருப்பது இன்னொரு விடுப்பு. புதினம் பார்த்தவருக்கு ஒரு கேள்வி மிஞ்சும். அதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், சமைக்கும்போது யோசிக்கலாம், ஒரு கிழமை வைத்திருக்கலாம். கைத்தொலைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் பெரும்பகுதி விடுப்புத்தான் என்பது என் எண்ணம். இந்தப் பிள்ளையும் "ரெஸ்ட்" என்று சொல்லி இரவில் ஒன்றரை மணித்தியாலம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். எழும்பும்போது முன்னைவிடக் களைப்பு.

ஆவலுக்கும் ஞாபகத்துக்கும் என்ன தொடர்பு என்று 2014இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கேட்பது, விடையை உடனே சொல்லாமல் சில வினாடி காக்க வைப்பது, அந்த இடைவெளியில் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைக் காட்டுவது, பிறகு விடையைச் சொல்வது. ஆவலைக் கிளறிய கேள்விகளின் விடைகள் நன்றாக ஞாபகத்தில் நின்றன. அது யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு இடையில் காட்டிய முகங்களும், யாரும் கவனிக்கச் சொல்லாத அந்த முகங்களும், கூடுதலாக நின்றன. ஒரு நாள் கழித்துச் சோதித்தபோதும் அப்படித்தான். ஒருவருக்காகப் படலையைத் திறந்தால் அவருக்குப் பின்னால் வந்தவரும் உள்ளே வந்துவிடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் விளங்கப்படுத்தினேன். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பந்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு தடவை படித்தபின், சிலவற்றைத் திரும்பவும் வாசிக்க வைத்தார்கள். சிலவற்றைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டால், திரும்ப வாசித்ததுதான் நன்றாக நின்றது. ஒரு கிழமைக்குப் பிறகு கேட்டால், எழுதிப் பார்த்ததில் 56 வீதம் மிஞ்சியிருந்தது, திரும்ப வாசித்ததில் 42 வீதம். எங்கள் பிள்ளைகளில் கனபேர் செய்வது திரும்பத் திரும்ப வாசிப்பதும், அடிக்கோடு போடுவதும். அன்றிரவு எல்லாம் தெரிந்தமாதிரி இருக்கும். அந்த "தெரிந்தமாதிரி" இருப்பதை நம்பித்தான் அடுத்த ரியூசனுக்கு ஓடுகிறார்கள்.

அவளுடைய அம்மப்பா கோப்பாய்ப் பக்கத்தில் வெங்காயம் செய்கிறார். பின்னேரத்தில் அரை மணித்தியாலம் அவரோடு தோட்டத்தில் நிற்கட்டும் என்றேன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். வந்ததும் கொப்பியில் மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதட்டும், விடை தேவையில்லை. தாய்க்கு இது பிடிக்கவேயில்லை. அரை மணித்தியாலத்தில் ஒரு வினாத்தாள் செய்யலாமே என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கையும் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டாம் தடவைக்குப் பிறகு மூன்றாம் தடவைதான், அதோடு முடிந்தது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் அவர் என் முன்னால் இருந்தார்.

தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை தண்ணி மாறுவது. இறைப்பு மெசின் ஓடும். வாய்க்காலால் தண்ணீர் வரும். வெறுங்காலோடு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பாத்தியோரம் நிற்க வேண்டும். பாத்தி நிறைகிற பக்குவத்தைக் கண்ணால் பிடித்து, அதன் வாயை ஒரு வெட்டு மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறக்க வேண்டும். அடைத்தது வடிவாக அடைபடாவிட்டால் நிறைந்த பாத்திக்குள்ளேயே தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும், புதுப் பாத்திக்குப் பாதிதான் போகும். முதல் நாள் அப்படித்தான் நடந்ததாம். அம்மப்பா ஏசவில்லை. குனிந்து, அந்த மண்ணைக் காலால் ஒருக்கால் மிதித்துக் காட்டினாராம்.

எங்கள் தொழிலில் பேசப்படுகிற ஒரு விஷயத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. சோஃபி லெரோய் என்பவர் 2009இல் எழுதியது அது: ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடும், புது வேலை அதனால் பழுதாகும். பிறகு வந்த ஆய்வில் அவர் ஒரு சின்ன வழியும் சொன்னார். இடையில் எழும்ப வேண்டி வந்தால், எந்த இடத்தில் நிற்கிறேன், திரும்பி வந்து முதலில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு நிமிடம் குறித்துவிட்டு எழும்புங்கள். பாத்தி வாயை மிதித்து அடைப்பது அதுதான்.

இதை நான் கூடுதலாகச் சொல்வது கந்தோர் ஆட்களுக்கு. காணி அலுவல்களைப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். முன்னால் வரிசையில் சனம், மேசையில் கோப்புகள், இரவு ஒன்பது மணிக்கும் வாட்ஸ்அப்பில் மேலிடத்து அறிவுறுத்தல். "நாள் முழுக்க ஓடுறன் மிஸ், பின்னேரம் பாத்தா ஒரு வேலையும் செய்யாத மாதிரி இருக்கு" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பேர்ன்அவுட்' (burnout) எனப்படும் இந்த நிலையைத் தன் நோய் வகைப்படுத்தலில் விளக்கியது. நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலைத்தல அழுத்தத்தின் விளைவு என்றது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையில் இருந்து மனம் விலகி வெறுப்படைவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற உணர்வு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மூன்று பேர் செய்யும் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவரை மூச்சுப் பயிற்சிக்கு அனுப்புவது அநியாயம். அவரிடம் முதலில் நான் கேட்டது, ஆளணி பற்றி மேலதிகாரியோடு எழுத்தில் கதைத்தீர்களா என்று. கதைத்தார். முழுதாகத் தீரவில்லை, இரவு அறிவுறுத்தல்கள் மட்டும் குறைந்தன.

அதற்குப் பிறகுதான் புதினத்துக்கு வந்தோம். எங்கள் பக்கத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பரப்பு, குழி என்ற நில அளவுகள் மட்டுமல்ல, ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயரும் இருக்கும். மரத்தின் பெயர், மண்ணின் பெயர், எப்போதோ இருந்த ஒருவரின் பெயர். பதினைந்து வருடம் அந்தப் பெயர்களை எழுதி வந்தவர், ஒரு நாளும் அவற்றை வாசித்ததில்லை என்றார். இப்போது நாளுக்கு ஒரு பெயரைக் குறித்து வைக்கிறார். வரிசையில் நிற்கிற வயதானவர்களிடம் "இந்தப் பேர் ஏன் வந்தது ஐயா?" என்று கேட்கிறாராம். வேலை குறையவில்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு மறுபடி மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அரச உத்தியோகம் பார்த்தபடியே செல்லரித்த ஏடுகளைத் தேடத் தொடங்கியவர் அவர். 1887இல் கலித்தொகை அவர் கையால் அச்சேறியது. அந்த ஏடுகளைத் தேடச் சொல்லி எந்தக் கந்தோரும் அவருக்குக் கட்டளை அனுப்பவில்லை.

மனதை இந்தக் கணத்தில் வைத்திருக்கப் பழக்கும் கவனப் பயிற்சி (mindfulness) பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது பாடசாலைகளிலும் வேலைத்தலங்களிலும் அதை நடத்துகிறார்கள். நல்ல விஷயம். ஜோன் கபட்-சின் 1979இல் மசாசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சியில் இருந்து இது உலகமெங்கும் பரவியது. ஆனால் இது யாழ்ப்பாணம். "எல்லாரும் கண்ணை மூடுங்கோ, அமைதியா இருங்கோ" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். 2009க்கு முன்பு பதுங்குகுழிக்குள் கண்ணை மூடி இருந்தவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். அமைதி அவர்களை அங்கேயே கொண்டுபோய் விடலாம். அப்படி மூச்சுத் திணறி எழும்பி ஓடிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். நான் கண்ணைத் திறந்தபடியே தொடங்குவேன், கைக்கு ஒரு வேலையோடு. முற்றம் கூட்டும்போது விளக்குமாறு மண்ணில் விடும் கோடுகளைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள், உள்ளங்காலில் மண்ணின் குளிர் தெரிகிறதா என்று கவனியுங்கள். மனம் எங்கேயோ போனால் பரவாயில்லை, அடுத்த கோட்டுக்கு வந்துவிடுங்கள். அவ்வளவும் போதும்.

அப்புறம், புதினம் பார்க்கச் சொன்னால் எல்லாராலும் பார்க்க முடியாது. முன்பு விருப்பமாகச் செய்த எதிலும் இரண்டு கிழமைக்கு மேல் ருசி இல்லை, நித்திரையும் சாப்பாடும் குழம்பிப்போய்விட்டது, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால், அது சோம்பல் இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு அறிவுரை சொல்லாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். முதல் கிழமை அவள் எழுதிய கேள்விகள் எல்லாம் வினாத்தாளில் வருவது மாதிரியே இருந்தன: வெங்காயத்தின் விஞ்ஞானப் பெயர் என்ன, எத்தனை நாளில் கிண்டலாம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, எழுத்துக் கொஞ்சம் சரிந்து, அவசரமாக எழுதியமாதிரி ஒரு கேள்வி: "கடைசியா தண்ணி போற பாத்தியள்ல மட்டும் ஏன் இலை நுனி கருகியிருக்கு?"

அம்மப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "கனக்க இறைச்சா தண்ணி உப்பேறும் பிள்ளை" என்றிருக்கிறார். அடுத்த நாள் மெசின் போட்டவுடன் ஒரு கை தண்ணீர் வாயில் வைத்துப் பார்த்தாள், நிறுத்தப்போகும்போது இன்னொரு கை. கடைசித் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது. அன்றிரவு பௌதிகப் புத்தகத்தில் அடர்த்தியைத் தேடிப் போயிருக்கிறாள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு எங்களுடையது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது மேலே வரும். உப்பு ஏறிய மண்ணில் வேருக்குத் தண்ணீர் இழுப்பது கடினம். வேர் தண்ணீர் இழுக்கும் அந்த முறைக்குப் பாடத்தில் பிரசாரணம் (osmosis) என்று பெயர்.

"பிரசாரணம் ஏழு தரம் படிச்சனான் மிஸ். அது அம்மப்பான்ர தோட்டத்துக்குள்ள நடக்குதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அந்தப் பாடத்தைப் பார்க்காமல் எழுதிக் காட்டச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினாள், ஒரு இடத்தில்கூட நிற்காமல். அன்றைக்கு மணித்தியாலக் கட்டத்தில் இருந்தது 7.

போன கிழமை தாய் தொலைபேசியில் எடுத்தார். குரலில் பழைய பதற்றம் கொஞ்சம் இருந்தது.

"மிஸ், சனிக்கிழமை ஒரு வகுப்பை விட்டிட்டு நிலாவரைக் கிணறு பாக்கப் போகப்போறாளாம். மேல நல்ல தண்ணியாம், ஆழத்துக்குப் போகப் போக உப்பாம், அது ஏனெண்டு நிண்டு பாக்கோணுமாம். விடவோ?"

"விடுங்கோ அம்மா" என்றேன். "நீங்களும் கூடப் போங்கோ."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "கோப்பாயில இருந்து எத்தனை மணிக்கு பஸ்?"