காயில் கருகும் முன் வளையும் தகடு

பம்ப்செட் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து ‘டப்’பென்று நிற்கும். ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து ரீசெட் பட்டனை அழுத்தினால் பிடிக்காது. கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் பிடிக்கும். மோட்டார் அதிகக் கரண்டு இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ரிலே சரியில்லை என்று திட்டுவோம். அது இன்னும் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான்.

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு, 45 ஆம்பியர். சில நொடிதான் என்பதால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயில் தாங்கிக்கொள்ளும். ஃப்யூஸ் திணறுவது இங்கேதான். 45-ஐத் தாங்கும் கம்பியைப் போட்டால், பிறகு மோட்டார் நாள் முழுக்க 10 ஆம்பியர் இழுத்தாலும் அது கண்டுகொள்ளாது. வெறும் இரண்டரை ஆம்பியர்தானே கூட? ஆனால் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும்; காயிலில் முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் சூடு. இன்சுலேஷன் தாங்கும் அளவைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்காரர்களின் தோராயக் கணக்கு.

ஓவர்லோடு ரிலேயோ மோட்டாரோடு சேர்ந்து தானும் சூடாகிறது. உள்ளே ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று தகடுகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டியது. சூடானால் ஒரு பக்கமாக வளையும். வளைந்து ஒரு சட்டத்தைத் தள்ள, மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் சப்ளை அறுந்து மோட்டார் நிற்கும். கிளம்பும் நேரத்துச் சில நொடியில் தகடு அவ்வளவு வளையாது. 10 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் நிமிடக் கணக்கில் வளைந்துவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. தகடு சில நிமிடத்தில் ஆறிவிடும். மோட்டாரின் கனத்த இரும்பு ஆற அதைவிட வெகுநேரம் ஆகும். திரும்பத் திரும்ப ரீசெட் செய்தால், ஆறிய ரிலே கொதிக்கும் காயிலுக்குக் காவல் நிற்கிறது. எத்தனை ஆம்பியர் வரை விடலாம் என்று ரிலேக்குச் சொல்லும் டயலை 10-க்குத் திருப்பிவைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு ஃபேஸ் போய்விட்டால் கதையே வேறு. ஓடுகிற மோட்டார் உறுமிக்கொண்டே ஓடும், மிச்ச இரண்டு வயரிலும் கரண்டு எகிறும். மூன்று தகடும் சமமாக வளையாததைக் கண்டு சீக்கிரமே டிரிப் ஆகும் ரிலேக்கள் இருக்கின்றன. இல்லாத இடத்து மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வரும். மூடியைக் கழற்றியதுமே காரணம் தெரியும். மூன்று ஃபேஸ் காயிலையும் இணைக்கும் முறை இரண்டு, ஸ்டார், டெல்டா: ஸ்டார் கனெக்‌ஷன் என்றால் மூன்றில் இரண்டு பங்கு காயில் கரி, ஒரு பங்கு புதுசுபோல, டெல்டா என்றால் ஒரு பங்கு மட்டும் கரி.